‘இப்ப எந்தக் காலேஜுங்க சார்?’

2018 சித்திரை வெயிலில் வெள்ளகோவில், மூலனூர் பக்கம் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பட்டியல்: பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெயர், அப்பா பெயர், போன் நம்பர். கோவைக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை உதவிப் பேராசிரியர் நான். ஆனால் ஏப்ரல், மே வந்துவிட்டால் எங்கள் எல்லோருக்கும் ஆள் பிடிக்கிற வேலைதான். தலைக்கு இத்தனை அட்மிஷன் என்று டார்கெட் உண்டு. போகிற வீட்டிலெல்லாம் மோர் கொடுத்தார்கள், மெக்கானிக்கல் என்றதும் “பையன் கம்ப்யூட்டர்தானுங்க கேக்குறான்” என்றார்கள். அந்த வருடம்தான் கவுன்சலிங்கும் முதல்முறையாக ஆன்லைனுக்குப் போனது. அதே சமயத்தில், தொழில்நுட்பக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. ஒரு விதியை மாற்றியது. 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்தது 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றானது. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். நான்கு வருடமும் சேர்த்து 240 பேர் படிக்கிற துறைக்கு 16 பேர் வேண்டியிருந்த இடத்தில் 12 பேர் போதும் என்று அர்த்தம். எங்கள் துறையில் பாதி சீட் காலி, அதனால் கணக்கு இன்னும் மோசம்.

ஜூன் மாதம் துறைத் தலைவர் கூப்பிட்டார். நல்ல மனிதர், பேசும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று எழுதித் தரச் சொன்னார். வேலையில் சேர்ந்த அன்றே என் ஒரிஜினல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. எழுதிக் கொடுத்தால்தான் அது திரும்பி வரும் என்று சொல்லாமல் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதச் சம்பளம் 96,000 ரூபாய் பாக்கி இருந்தது. அதில் ஒரு மாதத்துடையது மட்டும் வந்தது, மீதி இன்றுவரை இல்லை.

இப்போது இந்த நிலையில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களின் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ.யே சொல்லியிருக்கிறது. சரிபார்க்கக் காட்டுங்கள், அன்றே கையோடு வாங்கி வந்துவிடுங்கள். விலகல் கடிதம் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் ‘துறையில் பணியிடம் குறைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டதால்’ என்று ஒரு வரி சேர்த்து எழுதி, அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு, வருமான வரிப் பிடித்தச் சான்று (ஃபார்ம் 16), பணி அனுபவச் சான்று எல்லாவற்றையும் கல்லூரி மின்னஞ்சல் முடங்குவதற்கு முன்பே இறக்கி வைத்துவிடுங்கள். வருங்கால வைப்பு நிதிக் (பி.எஃப்.) கணக்குக்கான யு.ஏ.என். எண்ணோடு உங்கள் சொந்த போன் நம்பர்தான் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் விலகிய தேதியை நிர்வாகம் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதிந்துகொள்ளலாம். இது தெரியாமல் பலர் மனிதவளப் பிரிவின் வாசலில் நிற்கிறார்கள். இன்னொன்று, கல்லூரி எடுத்துக்கொடுத்த குரூப் மருத்துவக் காப்பீடு வேலையோடு சேர்ந்தே போய்விடும். எங்கள் மகளுக்கு அந்த ஆவணியில் குடல்வால் அறுவை சிகிச்சை. 48,000 ரூபாய் கையிலிருந்து போனது, அதாவது மனைவியின் வளையல் அடகுக்கடைக்குப் போனது. வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்து வையுங்கள்.

பணம் போனதைவிட ‘சார்’ போனதுதான் எனக்குப் பெரிய அடி. இதைப் புரியவைக்க எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். என் அப்பாரு, அதாவது தாத்தா, தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். அங்கே அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், சாதியைச் சொல்லி அதட்டுவார்கள். லண்டன் மிஷன்காரர்கள் கோயம்புத்தூருக்கு 1830-லேயே வந்துவிட்டார்கள் என்றாலும், எங்கள் சாளைக்கு (குடிசைகளுக்கு) உபதேசியார் வந்து சேர ரொம்ப காலம் ஆனது. ஞானஸ்நானம் எடுத்தபோது அப்பாருவுக்கு ஒரு பைபிள் பேர் வைத்தார்கள். அப்பா ஈரோட்டில் மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்து, மிஷன் ஸ்கூலில் வாத்தியாரானார். அப்பாரு வேலை பார்த்த அதே ஊரில், அதே பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அப்பாவை “சார்” என்று கூப்பிட்டார்கள். நான் எம்.இ. முடித்துப் பேராசிரியரானபோது அப்பா ஒரு வாரம் தெருவில் கொஞ்சம் மெதுவாகவே நடந்தார். கிறிஸ்தவரானதால் எங்கள் சான்றிதழில் பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) என்றுதான் இருக்கும், ஆனால் ஊருக்குப் போனால் நாங்கள் இன்னும் அந்தப் பழைய தெருக்காரர்கள்தான். அதனால் ‘அந்தஸ்து எல்லாம் மாயை’ என்று யாராவது சுலபமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். எப்போதும் நாற்காலியில் இருந்தவர்களுக்கு அப்படிச் சொல்வது எளிது. எங்களுக்கு அந்தச் ‘சார்’ மூன்று தலைமுறை உழைப்பு.

ஆகவே நான் முதலில் நிறுத்தியது சர்ச்சுக்குப் போவதைத்தான். கடவுள்மேல் கோபம் எல்லாம் இல்லை, ஆட்களைப் பார்க்க முடியவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், “இப்ப எந்தக் காலேஜுங்க சார்?” என்று யாராவது கேட்பார்கள். அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபையில் அன்று ஏலம் நடக்கும். ஒரு பூசணிக்காய் ஆயிரங்களில் போகும், வாழைத்தார் இன்னும் மேலே போகும், யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்று மைக்கில் பேரோடு சொல்வார்கள். வருடா வருடம் நான் தேங்காய்க் குலை எடுப்பேன், “பேராசிரியர் சார் எடுத்திருக்கிறார்” என்பார்கள். காணிக்கைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்த அறிவிப்புக்காகவும் காத்திருப்பேன் என்பது அந்த வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. பேராசிரியர் சாரைத்தான் கடவுளுக்கும் பிடிக்கும் என்று நான் எங்கேயோ நம்பியிருக்கிறேன்.

வேலை தேடிய கதையை நீட்டவில்லை. மற்ற கல்லூரிகளும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். பகுதிநேர பி.எச்டி.க்கு அதுவரை கட்டிய ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பணம் அப்படியே நின்றது. வீட்டுக் கடன் தவணை 14,600, மனைவிக்கு மெட்ரிக் பள்ளியில் 11,000 சம்பளம். இங்கே நான் செய்த ஒரு உருப்படியான காரியம், தவணை தவறுவதற்கு முன்பே வங்கி மேலாளரைப் போய்ப் பார்த்தது. 90 நாள் கட்டாமல் விட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதன் பிறகு அவர் நினைத்தாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. முன்னாலேயே போனதால் கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்துக் கொடுத்தார். கூச்சப்பட்டுப் போகாமல் இருக்காதீர்கள்.

சபை ஆட்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். ஜெபித்தார்கள், அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் பலர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: “கர்த்தர் உங்களை ஊழியத்துக்கு அழைக்கிறார் பிரதர், அதான் இந்தக் கதவை அடைச்சிருக்காரு.” ஒருவர் வெளியூர் ஊழியக்காரரைக் கூட்டிவந்தார். அவர் 10,000 ரூபாய் விசுவாச விதையாகக் கொடுத்தால் 100 மடங்கு வரும் என்றார். என் மனைவி காப்பியை வைத்துவிட்டு, “இது அடகு வட்டிக்கு எடுத்து வச்சதுங்க, அவனுக்குக் குடுக்காம உங்களுக்குக் குடுத்தா கர்த்தர் ஒத்துக்குவாருங்களா?” என்று கேட்டாள். அவர் அதற்குப் பிறகு வரவில்லை. வேலை போன வீட்டுக்கு இந்த மாதிரி ஆட்கள் மோப்பம் பிடித்து வருவார்கள், எச்சரிக்கையாக இருங்கள். குறிப்பிட்ட தொகையைச் சொல்லிக் கேட்டாலே எழுந்துவிடலாம்.

ஊழிய ஆசை மட்டும் எனக்குள் ஒட்டிக்கொண்டது. ஒரு சுவிசேஷக் குழு சாட்சி சொல்லக் கூப்பிட்டது. நோட்டீஸ் அடித்து அனுப்பினார்கள்: ‘பேராசிரியர் பணியை உதறிவிட்டு வந்த சகோதரர்’ என்று என் படத்தோடு. பார்த்ததும் பல நாளைக்குப் பிறகு முதுகு நிமிர்ந்தது. மனைவி நோட்டீஸை வாசித்துவிட்டு, “நீங்க உதறுனீங்களா, அவங்க உதறிவிட்டாங்களா?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல முடியாமல், ரிட்டயரான எங்கள் சபையின் பழைய ஐயரை, அதாவது பாதிரியாரை, பார்க்கப் போனேன்.

ஐயர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நாளைக்கே அந்தக் காலேஜ்ல திரும்பக் கூப்பிட்டா போவீங்களா?” போவேன் என்றேன். “அப்ப இது அழைப்பு இல்லைங்க, நாற்காலி தேடுறது” என்றார். பிறகு லூக்கா மூன்றாம் அதிகாரத்தை எடுத்தார். இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெறுகிறார். அப்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது. ஒரு அற்புதம் செய்யவில்லை, ஒரு பிரசங்கம் பண்ணவில்லை, ஒரு சீஷன்கூடச் சேரவில்லை. நாசரேத்தில் தச்சு வேலை பார்த்த ஆள். நீ என் பிரியமான மகன் என்று வானத்திலிருந்து சத்தம் வந்தது அந்த நேரத்தில்தான். அடுத்த அதிகாரத்தில் பிசாசு முதலில் கை வைப்பது எதில்? தேவனுடைய குமாரன் என்றால் கல்லை அப்பமாக்கிக் காட்டு என்பதில். ‘நிரூபி பார்க்கலாம்’ என்பதுதான் சோதனை. ஐயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உங்க அப்பாருக்கு ஞானஸ்நானத்துல பேர் வச்சப்ப அவரு என்ன வேலைல இருந்தாருங்க?” என்று கேட்டார். சாணி அள்ளுகிற வேலையில் இருந்தார். பேர் முதலில் வந்தது, சார் பட்டம் ஒரு தலைமுறை கழித்துதான் வந்தது. நான் வரிசையை மாற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அன்று திரும்பி வருகையில் பஸ்ஸில் அழுதேன், பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தட்டுங்களா என்று கேட்டார்.

இதனால் எல்லோரும் ஊழியத்துக்குப் போகவேண்டாம் என்று அர்த்தமில்லை. எங்கள் சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) ஆயராக வேண்டுமானால் பேராயம் தேர்ந்தெடுத்து அனுப்பவேண்டும், மதுரை அரசரடி இறையியல் கல்லூரி மாதிரி ஓரிடத்தில் வருடக்கணக்கில் படிக்கவேண்டும். சபையே உங்களைச் சோதித்துப் பார்க்கும் காலம் அது. அப்படி ஒரு நீண்ட வழி இருப்பதே நல்லதுக்குத்தான். வேலை போன சூட்டில், கடன் தலைக்கு மேல் இருக்கும்போது, யாரோ மேடை தருகிறார்கள் என்று தாவாதீர்கள். ஏதாவது ஒரு வேலையில் உட்கார்ந்து, வயிறு நிறைந்த பிறகும் அந்த ஆசை இருக்கிறதா பாருங்கள். எனக்கு இல்லை.

2019 தொடக்கத்தில் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். முதலாளி என் பழைய மாணவர், டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் வருடம் வந்து, என் பேப்பரிலேயே அரியர் வைத்தவர். கம்ப்யூட்டரில் ஓடும் நான்கு சி.என்.சி. மெஷின், பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். சப்மெர்சிபிள் பம்பு ஷாஃப்ட்தான் முக்கியமாக ஓடும். சம்பளம் 15,000, கல்லூரியில் வாங்கியதில் பாதிக்கும் கீழே. அவர் என்னைச் “சார்” என்றே கூப்பிட்டார். நான்தான் ‘வாடா போடா’வை விட்டுவிட்டு ஆட்கள் முன்னால் வாங்க போங்க என்று மாறவேண்டியிருந்தது, அது நாக்கில் வரச் சில வாரம் பிடித்தது. ஆபரேட்டர் பையன் அன்னூர்க்காரன், ஐ.டி.ஐ. முடித்தவன். அவனுக்கு நான் சார் இல்லை. “ஏங்ணா, ஆஃப்செட் மாத்தாமலே சைக்கிள் ஸ்டார்ட் குடுத்துட்டீங்களே ங்ணா” என்றான் முதல் வாரமே. கருவியின் அளவைத் திருத்தாமல் மெஷினை ஓடவிட்டிருந்தேன். பதினோரு வருடம் மெட்டல் கட்டிங் பாடம் நடத்தியவனுக்கு! ஆனால் அந்த ‘ங்ணா’வில் ஒரு சௌகரியம் இருந்தது, எதையும் காப்பாற்ற வேண்டியதில்லை. அவன் எனக்கு மெஷின் சொல்லிக்கொடுத்தான், நான் அவனுக்கு டேப்பர் (சரிவாகக் கடைவது) கணக்குக்கு டிரிக்னாமெட்ரி சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு மாதக் கடைசியில் நடந்ததைச் சொல்லவேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் என் பொறுப்பு. ஷாஃப்டை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் வளைவு தெரியும். ஒரு லாட்டில் நிறைய ஷாஃப்ட் அளவைத் தாண்டி ஆடியது. வண்டி வாசலில் நிற்கிறது, பில் போனால்தான் சம்பளம் போட முடியும். “ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க சார், யாரும் பாக்க மாட்டாங்க” என்றார் முதலாளி. எனக்கு உடனே ஞாபகம் வந்தது வேதவசனம் இல்லை, வெள்ளகோவிலில் மோர் கொடுத்த வீடுகள்தான். அந்தப் பக்கம் போர்வெல் ஆயிரம் அடிக்குப் போகிறது. ஷாஃப்ட் வளைந்திருந்தால் புஷ் தேயும், மோட்டார் போகும், அத்தனை அடிக் குழாயையும் ஆள் வைத்து மேலே ஏற்றவேண்டும். செலவு அந்த விவசாயி தலையில் விழும். கையெழுத்துப் போடவில்லை. இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை, அந்த மாதச் சம்பளம் எல்லோருக்கும் தள்ளிப்போனது. ஆபரேட்டர்கள் என்னைத் திட்டியது காதில் விழுந்தது, நியாயம்தான். ஆனால் அன்று ராத்திரி, பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தார் என்று அப்போஸ்தலர் 18-ல் வருகிறதே, அந்த வரி எனக்கு வேறு மாதிரிப் பட்டது. அதுவரை அதை ஊழியத்துக்கு நடுவே அவர் செய்த சைடு வருமானம் என்று நினைத்திருந்தேன். வெயிலில் கிழியாத கூடாரமும் அவருடைய ஊழியத்தில் சேர்த்திதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்தது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்கு இது உண்டு என்பதே எனக்குத் தெரியாது, பட்டறைக் கணக்கர்தான் சொன்னார். ஐந்து வருடம் வேலை பார்த்திருந்தால் உண்டு. 2009-ல் கொண்டுவந்த திருத்தம் ஆசிரியர்களையும் சேர்த்தது, 1997 ஏப்ரலிலிருந்தே செல்லும் என்று. தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போட்ட வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதியும் செய்துவிட்டது. எனக்குப் பொருந்திய அப்போதைய கணக்கு எளிது: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்கவேண்டும். எனக்கு 18,000 அடிப்படை, 11 வருடம், ஆக 1,14,000 ரூபாய் சொச்சம். நாமே விலகினாலும் உண்டு, அதனால் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிய கடிதம் இதைக் கெடுக்கவில்லை. நிர்வாகத்துக்கு விண்ணப்பம் கொடுத்து 30 நாளில் தராவிட்டால் தொழிலாளர் துறையில் முறையிடலாம். பதிவுத் தபாலில் அனுப்பி அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், எனக்கு அந்த ரசீதுதான் காப்பாற்றியது. (2025 நவம்பர் முதல் இது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. படிவங்களும் எதைச் சம்பளமாக எடுப்பது என்பதும் மாறியிருக்கும், அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

இதற்கும் சபையில் எதிர்ப்பு வந்தது. “விசுவாசி வழக்குக்குப் போகலாமா, மன்னிச்சு விட்டுடுங்க பிரதர்” என்றார்கள். பவுல் தன் குலம், படிப்பு, பெருமை எல்லாவற்றையும் குப்பை என்று பிலிப்பியருக்கு எழுதினவர். அதே பவுல், விசாரணையில்லாமல் அடித்துவிட்டு ரகசியமாக அனுப்பப் பார்த்தபோது, நான் ரோமக் குடிமகன், அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்று பிலிப்பி சிறையில் உட்கார்ந்துகொண்டார். பட்டத்தில் மனம் ஒட்டாமல் இருப்பது வேறு, கூலியை விட்டுக்கொடுப்பது வேறு. என் அப்பாருக்கு யாரும் கூலி பாக்கியைக் கேட்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் கேட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் இழுத்து, கொரோனாவுக்கு நடுவில் இரண்டு தவணையாக வந்தது. முதல் தவணையில் வளையலை மீட்டோம்.

இப்போதும் பட்டறையில்தான் இருக்கிறேன். சம்பளம் ஏறியிருக்கிறது, பழைய தொகையை இப்போதுதான் எட்டுகிறது. பி.எச்டி.யைத் தொடரவில்லை. எல்லாம் தெளிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். போன தையில் தங்கை மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பேருக்குப் பின்னால் என்ன போடுவது என்று கேட்டார்கள், எம்.இ. போடுங்கள் என்றேன், பேராசிரியர் என்று போட முடியாதது கொஞ்சம் வலித்தது. அப்பாவுக்கு இன்னும் அதிகம் வலிக்கிறது, அவரிடம் நான் வாதாடுவதில்லை.

சபையில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வேலை போனவர் வீட்டுக்கு வசனத்தோடு போகும்போது ஒரு சிப்பம் அரிசியும் எடுத்துப் போங்கள். கடவுள் எந்தக் கதவை ஏன் அடைத்தார் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். எங்கள் பொருளாளர் அந்த வருடம் உறுப்பினர்கள் கட்டும் சங்கக் காணிக்கைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டவே இல்லை. எனக்காகத்தான் என்று ரொம்ப நாள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் எந்தக் கேள்வியும் கேட்காமல் “சாப்பிட வாங்க” என்று மட்டும் கூப்பிட்டவர்கள் இரண்டு குடும்பம். அந்த இரண்டு வீட்டுக்கும் இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.